நடு உயரம்

வேலந்தாவளம் தாண்டியதும்
ஆடிக் காற்று
நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்.
கியரைக் குறைக்க மாட்டேன்.
ஒழலப்பதிப் பையன்கள் பார்க்கிறார்கள்.
பல்லைக் கடித்துக்கொண்டு
ஈரமாவு ஆட்டுவது போல் ஒவ்வொரு மிதியும்,
கொழிஞ்சாம்பாறை டீக்கடை வரை.

போன மாதம் பதினைந்து கிலோமீட்டர்.
இந்த மாதம் ஐம்பது.
இடையில் ஒன்றும் நடக்கவில்லை,
நாற்பத்தாறு வயது ஆனதைத் தவிர.

மூன்றாவது ஞாயிறுக்கு மறுநாள்
வங்கி மாடிப்படி இறங்குகையில்
முட்டிச்சில்லுக்கு அடியில்
யாரோ உப்புத்தாள் தேய்த்தார்கள்.

"முட்டு வேதனையாணோ?" என்றாள் ஃபிசியோ லிஜி.
எங்கள் பக்கம் முட்டு என்றால் மோதல்.
சரியாகத்தான் கேட்டாள்.
மடக்கினாள், நீட்டினாள்,
தொடையை அழுத்திப் பார்த்து
"இதில் பலமே இல்லையே சாரே."
என்ன கியர், எத்தனை தூரம், முன்பு அடிபட்டதா?
பாதிக்குப் பொய் சொன்னேன்.
"ஸீட்டு?"
அதற்குப் பொய் எதுவும் கைவசம் இல்லை.

ஒரே சைக்கிள்.
உக்கடத்தில் தவணைக்கு எடுத்தது.
வாரநாளில் துளசிமணி, ஞாயிறு நான்.
அவள் என் தோளுக்கு வருவாள்.
முதல் வாரம் அவரவருக்கு
ஏற்றி இறக்கினோம்.
பிறகு அந்த ஆறுமுனைச் சாவி
அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் எங்கோ போனது.
அவளுக்கு இரண்டு விரல் அதிகம்,
எனக்கு இரண்டு விரல் குறைவு,
போதும் என்று நடுவில் நிறுத்திக்கொண்டோம்,
பத்தொன்பது வருஷமாக
டிவி சத்தத்தையும் குழம்புக் காரத்தையும்
ஃபேன் வேகத்தையும் நிறுத்தியதைப் போல.

லிஜி ரசீது எழுதியபடி சொன்னாள்:
ஸீட்டு தாழ்ந்தால் முட்டியின் முன்னால் நோகும்,
உயர்ந்தால் பின்னால்.

ராத்திரி கேட்டேன்,
"உனக்கு எங்கே வலிக்குது?"
வலிக்குதா என்று கேட்கவில்லை நான்.
அதை அவளும் கவனித்தாள்.
சப்பாத்தி மாவு ஒட்டிய விரலால்
முட்டியின் பின்மடிப்பைத் தொட்டாள்.
"ரெண்டு மாசமா."
சொல்லவே இல்லையே.
"நீங்க சொன்னீங்களா?"

அஞ்சறைப்பெட்டியை நகர்த்தினோம்.
ஒரு செத்த கரப்பான், ஸ்டவ் லைட்டர்,
மூன்று வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பத்திரிகை.
சாவி இல்லை.

விடிந்ததும்
சைக்கிளை நடுவில் உருட்டிக்கொண்டு
புதுச்சாவி வாங்கப் போனோம்,
எதிர்க்காற்றில்,
நான் இறக்கத்தில் நொண்டி
அவள் ஏற்றத்தில்.