ஐப்பசியில் இரண்டு நாள் லீவு

முத்தையன்கட்டுக்கு நாங்கள் போய்ச்சேர
மழையும் வந்து சேர்ந்தது.
குளத்தைக் காணவில்லை.
குளம் இருக்கவேண்டிய பக்கம்
வெள்ளையாய் ஓர் இரைச்சல்.

வாடகை வானுக்குள்
மீன் ரோல்ஸ் ஆறிக் கிடந்தது.
"இதுக்கே லீவெடுத்தனீங்கள்?" என்றாள் கௌசி.
வைப்பரைப் போட்டேன்:
ஒரு கணம் அணைக்கட்டு,
ஒரு மாடு,
பிறகு ஒன்றுமில்லை.

பின்சீட்டில் அபிசன்
யன்னலுக்கு மூச்சு ஊதி
முதலை கீறினான்.
மிதுனா பல் வைத்தாள்,
தனக்கு எண்ணத் தெரிந்த பதினொன்று மட்டும்.
பத்துக்குப் பிறகு எப்போதும் அவளுக்குப் பதின்மூன்று;
இன்றைக்குச் சரியாய் வந்தது.
கௌசிகூடத் திரும்பிப் பார்த்தாள்.

ஒட்டுசுட்டான் தாண்ட
வெயில் எறித்தது.
வாலிலிருந்து
முதலை மறையத் தொடங்க
மிதுனா அழுதாள்:
"அப்பா, குளத்துக்குத் திருப்புங்கோ."