துளை 1.3, துளை 1.5

கணபதியில், லேத்துப் பட்டறைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ்.
கீழே கடைசல் ஓடினால்
மேலே மௌஸ் நடுங்கும்.
மிஸ்டு கால் கொடுத்தால் தோட்டத்து மோட்டாரை எழுப்புகிற ஸ்டார்ட்டர்,
அதன் பச்சைப் பலகையை வரைவது நாங்கள் இருவர்.
நான். அப்புறம் சௌடேஸ்வரி.

முன்பு லைப்ரரி என்றால்
நாச்சிமுத்து சாரின் பென் டிரைவ்.
அதற்குள் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு',
'இதுதான் ஃபைனல்', 'தொடாதே'.
'தொடாதே'யைத்தான் எல்லோரும் தொட்டிருந்தோம்.

ஒரு டிரான்சிஸ்டர்.
கேட்டது கிடைக்காமல்
காந்திபுரத்துக் கடையில் வேறொன்று வாங்கி
அதற்கேற்பப் படத்தில் யாரோ கால்களை மாற்றிப்போட்டார்கள்.
அந்தப் பலகைக்கு அது சரி.
அதே பெயரை நம்பியிருந்த மற்ற நான்கு பலகைகளுக்கு
யாரும் சொல்லவில்லை.
பெங்களூரிலிருந்து முந்நூற்றிருபது வந்து இறங்கின,
பச்சைப் பசேலென்று.
பாகங்களைப் பற்றவைத்து கரண்ட் கொடுத்தால்
ஒன்றுகூடக் கண் விழிக்கவில்லை.
"ஆருங் மாத்துனது?" என்றார் சார்.
டேபிள் ஃபேன் மட்டும்
இல்லை இல்லை என்று தலையாட்டியது.

அதற்குப் பிறகுதான் கிட்.
தொட்டால் பெயர் விழும், நேரம் விழும்,
ஏன் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும்.
ராத்திரி வேலையில்லாதபோது அந்த வரிகளைப் படிப்பேன்:

மின்தேக்கி உயரம் 12 இல்லை, 16. மூடி இடிக்குது.
டயோடு கோடு தலைகீழ். என் தப்பு.
காங்கேயத்தில் உள்ளே பல்லி செத்துக் கிடந்தது. டெர்மினல் இடைவெளி கூட்டியாச்சு.
கரண்ட் போகப்போகுது, பாதியில் போடறேன்.
நேத்துப் போட்டதை எடுத்துட்டேன். கேக்காதீங்க.

திங்கட்கிழமையிலிருந்து நாங்கள் பேசவில்லை.
ரிலேயின் கால்துளை விஷயம்.
டேட்டாஷீட்டைப் பார்த்து நான் 1.3 என்றேன்.
கீழே சம்பத்தண்ணனிடம் வெர்னியர் வாங்கி
அளந்துவிட்டு அவள் 1.5 என்றாள்.
அவள் கிளையில் அவள் போட்டாள்,
என் கிளையில் நான்.

வெள்ளி சாயங்காலம், ஆர்டர் போயாக வேண்டும்.
இரண்டு கிளையையும் சேர்த்தேன். நின்றுவிட்டது.
இப்படிப் பார்த்த கொம்பு ஏழு,
நடுவில் சமக்குறி ஏழு,
அப்படிப் பார்த்த கொம்பு ஏழு.
மேலே என் 1.3. கீழே அவள் 1.5.
எது வேண்டுமென்று நீயே சொல் என்கிறது.
அதற்கு ரிலேயும் தெரியாது, திங்கட்கிழமையும் தெரியாது.

அவள் வரியை அழிக்க ஒரு விசை போதும்.
அழித்தேன்.
ஏன்? என்று காரணப் பெட்டியில் கோடு மின்னியது.
'டேட்டாஷீட்டில்' என்று அடித்தேன்.
அதையும் அழித்தேன்.
அவள் வரியைத் திரும்பக் கொண்டுவந்து
நாற்காலியைத் திருப்பினேன்.
"நீ அளந்த ரிலே எது?"

பேசாமல் எடுத்து வைத்தாள்.
பக்கத்தில் என் டிராயரிலிருந்த பழையதை வைத்தேன்.
ஒரே நீலம், ஒரே பெயர்.
பெயரின் வாலில் மட்டும், பொடி எழுத்தில்,
ஒன்றில் ஏ, ஒன்றில் பி.
காலை அவள் பிடித்துக்கொள்ள
செல்போன் டார்ச்சில் நான் குனிந்து படித்தேன்.
ஒன்றுக்கு ஒரு மில்லி. மற்றதற்கு ஒன்று புள்ளி இரண்டு.
படித்ததும் சரி, அளந்ததும் சரி.
இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்திருந்தோம்.

லைப்ரரியில் இரண்டு ரிலே ஆயிற்று.
வரியை அவள் சொல்ல நான் அடித்தேன்:
ஒண்ணில்லீங், ரெண்டு. ரெண்டு பேரும் பாத்தோம்.

பதிவானபோது என் பெயரில்தான் பதிவானது.
உட்கார்ந்திருந்தது என் கணினி.
அவளும் பார்த்தாள்.
"பரவால்லீங்."
அந்தப் பரவால்லீங் எந்த அளவென்று
எனக்குப் பிடிபடவில்லை.

கீழே கடைசல் ஓடத் தொடங்கியது.
வெர்னியரைத் திருப்பிக் கொடுக்கப் படியிறங்கினாள்.
அதன் வாயில் இன்னும்
கடித்தபடி ரிலே.