அளவீடு

கிசுமுவில், ஏரிக்கு முதுகு காட்டி நிற்கும்
எங்கள் தனியார் பள்ளியில்
கால அட்டவணை போடுவது நான்.
பாடங்களை மையால் எழுதுவேன்,
ஆசிரியர் பெயர்களைப் பென்சிலால்.

இயற்பியல் கட்டம் மட்டும்
அழித்தழித்துத் தாள் பஞ்சாகிவிட்டது.
ஜன்னலில் பிடித்தால்
அதன் வழியே மைதானம் தெரிகிறது.

ஜனவரியில் பராசா.
அரசு வேலைக் கடிதம் வந்த அன்று
கையிலிருந்த சுண்ணக்கட்டியைக்
கீழே வைக்கவும் மறந்து பேருந்து ஏறினார்.
மார்ச்சில் செப்கெமோய்.
கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல்.
நகுருவில் ஒரு பள்ளி
நாலாயிரம் ஷில்லிங் கூடத் தந்தது.
போயும் போயும் நாலாயிரத்துக்கா, என்றார் இயக்குநர்.
அது அவள் வீட்டு வாடகையில் பாதி
என்று நான் சொல்லவில்லை.
சம்பளப் பதிவேடும் என்னிடம்தான் இருக்கிறது.
மே மாதம் வந்தவர் பெயர்
மறந்துவிட்டது. பதினோரு நாள்.

வந்தவர்கள் எல்லோரும்
கரும்பலகையை நன்றாகத் துடைத்துவிட்டு
எழுதினார்கள்:
பாடம் ஒன்று. அளவீடு.

மூன்றாம் படிவத்து அடோங்கோவின் நோட்டில்
மூன்று முறை மீட்டர், மூன்று முறை கிலோகிராம்,
மூன்று கையெழுத்தில் சிவப்பாக 'நன்று'.
மேசையின் நீளத்தைத்
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.
தலைக்கு மேலே பல்பு ஏன் எரிகிறது என்று
அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் மதிப்பெண் வந்தது.
வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார் இயக்குநர்.
கோடு, படி தவறியவன் போலக் கீழே கிடந்தது.
பிள்ளைகளிடம் உழைப்பில்லை என்றார்.
வாசல் வளைவுக்கு நீலப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்.
நைரோபியிலிருந்து ஊக்கப் பேச்சாளர் ஒருவர்
ஒரு மணி நேரம் கைதட்ட வைத்துவிட்டுப் போனார்.
அவருக்குக் கொடுத்த உறையையும்
நான்தான் பதிவேட்டில் ஏற்றினேன்.
செப்கெமோய்க்கு அந்த நாலாயிரம்,
ஏழு மாதத்துக்கு.

செப்டம்பரில் ஒல்வெனி.
மெலிந்த ஆள், சட்டைப்பையில் ஸ்குரூ டிரைவர்.
அவர் டஸ்டரை எடுத்ததுமே
"மீட்டர் என்பது..." என்று
வகுப்பு ஒரே குரலில் ஒப்பிக்கத் தொடங்கியதாம்.
கிண்டலா, அலுப்பா, தெரியாது.
அவர் டஸ்டரைக் கீழே வைத்தார்.
"எதில் விட்டீர்கள்?"
நாற்பத்திரண்டு பேர், சத்தமில்லை.
பிறகு அடோங்கோ எழுந்தாள்:
"நாங்கள் எதிலும் விடவில்லை சார்.
எங்களைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள்."

அன்றே டார்ச் செல், கம்பி, சின்னஞ்சிறு பல்பு.
எரிந்தபோது எழுந்த கூச்சல்
அலுவலக அறைவரை வந்தது.

அக்டோபரில் என் மேசைக்கு வந்தார்.
சான்றிதழ்களுக்கு நகல் வேண்டும்,
ஆறு பிரதி.
ஆறு என்றால் எதற்கென்று எனக்குத் தெரியும்.
செப்டம்பர் சம்பளம் இன்னும் போடவில்லை,
அதுவும் தெரியும்.
மனைவிக்கு இது எட்டாம் மாதம், அவரே சொன்னார்.

மெஷின் ரிப்பேர், என்றேன்.
மறுநாளும் ரிப்பேர்.
அடுத்த வாரமும்.
சுவருக்கு அந்தப் பக்கம்
தொடர் இணைப்பு முடிந்து
பக்க இணைப்பு தொடங்குவது கேட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள்,
நான் கழற்றிப் பார்க்கட்டுமா என்று
ஸ்குரூ டிரைவரோடு வந்து நின்றார்.
மெஷினைச் சுற்றி வந்தார். குனிந்தார்.
சுவரோரம் பிடுங்கிக் கிடந்த பிளக்கைக்
கையில் எடுத்து
என்னைப் பார்த்தார்.

மின்சாரத்தில் இன்னும் எத்தனை பாடம் என்று கேட்டேன்.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
இரண்டு, என்றார்.
பிளக்கைச் செருகவில்லை.
மேசைமேல் சான்றிதழ்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு
மணி அடித்ததும் வகுப்புக்குப் போனார்.

அவர் போன பிறகு நானே செருகினேன்.
ஒன்று, இரண்டு, ஆறு.
தாள்கள் சூடாக வந்தன.