இரண்டாம் போர்ட்

பிர்னோவில் பிப்ரவரி.
தரைக்குக் கீழே, ஜன்னலில்லாத அறையில்
இரண்டு கணினிகள். ஒன்று பேசும்,
மற்றது எண்ணிவிட்டு மறக்கும்.
நடுவில் சாம்பல் நிறப் பெட்டி.
திங்கட்கிழமை அது ஓஸ்த்ராவா போகவேண்டும்.
அங்கே ஆம்புலன்ஸ் கேட்டு அழுகிற குரல்கள்
இதற்குள் நுழைந்துதான் வெளியே வரும்.

"ஒன்றுகூட விழக்கூடாது."
ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்து வரி அது.
ஒத்திலியே அதை அச்செடுத்து
ஹீட்டர் குழாயில் ஒட்டியிருந்தாள்.

நினைவகத்தைப் பெரிய பாத்திகளாக வெட்டினோம்.
கெர்னலின் கையிலிருந்து கார்டைப் பிடுங்கினோம்;
பிடுங்கியதும் பட்டியலில் அதன் பெயரே இல்லை,
விளக்கு மட்டும் பச்சையாய் விழித்தது.
நான்கு கோர்களைத் தனியே அழைத்து
உங்களுக்கு இனி வேறு வேலையில்லை,
வேலை இல்லாவிட்டாலும் உறங்கக்கூடாது என்றோம்.
சும்மா இருக்கும்போதும்
நூறு சதவீதம் சுழன்றன.
என் பழைய மேலாளர் ஞாபகத்துக்கு வந்தார்.

பாக்கெட் என்பது அறுபத்துநான்கு பைட்.
எங்கிருந்து, எங்கே,
மிச்சமெல்லாம் பூஜ்யம்.
கடிதம் இல்லாத உறை.
நொடிக்கு ஒரு கோடியே நாற்பத்தெட்டு லட்சத்து
எண்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு உறைகள்.
இத்தனை பேர் வாசலில் வந்து நின்று
ஒருவரும் வாய் திறக்காமல்
திரும்பிப் போவது.

முதல் ஓட்டத்தில் ஒன்பது லட்சம் விழுந்தன.
பெட்டியைத் திட்டினேன். பெட்டி பாவம்:
கார்டு குடியிருந்தது இரண்டாம் செயலியின் வாசலில்,
கோர்களை நான் ஒதுக்கியது முதலாவதின் வீட்டில்.
ஒவ்வொரு உறைக்கும் தெருவைக் கடந்து
போய்வந்திருக்கிறது என் அவசரம்.
மாற்றினேன்.
நாற்பத்தொன்று.
மறுபடி ஓட்டினேன். நாற்பத்தொன்று.
ஒத்திலியே மூன்றாவது ரொட்டியை எடுத்தாள்.

நள்ளிரவு தாண்டி, எல்லாவற்றையும்
முதலிலிருந்து தட்டச்சு செய்தபோதுதான் அது நடந்தது.
பூஜ்யம் என்று போடவேண்டிய இடத்தில்
ஒன்று என்று போட்டுவிட்டேன்.
அந்த இரண்டாம் போர்ட்டில்
மாலையில் அப்டேட் இறக்கச் செருகிய சுவர் கேபிள்
அப்படியே இருந்தது.
மாதிரிக் கோப்பில் பெறுநர் முகவரி: எல்லோரும்.

எங்கள் திரையில், வந்து சேர்ந்தது பூஜ்யம்.
கேட்கிற கணினியைக் குடைந்தோம்.
ஃபர்ம்வேர் என்றாள் அவள், கேபிள் என்றேன் நான்,
பதினோரு நிமிடம் வழக்காடினோம்.
தலைக்கு மேல் ஐந்து மாடிக் கட்டடம்
சத்தமில்லாமல் மூச்சுத் திணறியது.

டங்.
ஹீட்டர் குழாயில் ஒட்டிய காகிதம்
லேசாக நடுங்கியது.
டங். டங்.
நான் காதை வைத்தேன். சுட்டது.
யாரோ, மேலே எங்கோ,
இரும்பால் இரும்பை அடிக்கிறார்கள்.

மூன்றாம் மாடியில் இரண்டு கதவுகளுக்கு நடுவே
துப்புரவுக்காரி போஹ்தானா நின்றிருந்தாள்,
வாளியோடு, துடைப்பக் கட்டையோடு.
அட்டையைக் காட்டினால் இரண்டு பூட்டுகளும் சிவப்பு.
சுவர்த் தொலைபேசியில் உயிரில்லை.
அவளுடைய கைபேசி
இரண்டாம் மாடியில் கோட்டுப் பையில்.
நான் நிரலை நிறுத்தியதும்
பூட்டுகள் சாதுவாகப் பச்சையாயின.

கோபப்படுவாள் என்று நினைத்தேன்.
"முப்பது தடவை அடித்தேன்,
எத்தனை கேட்டது?" என்றாள்.
"மூன்று."
"இருபத்தேழு விழுந்துவிட்டது,
தொண்ணூறு சதவீதம்,"
ஒத்திலியே பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு
வாயைப் பொத்திக்கொண்டாள்.
போஹ்தானா எங்கள் இருவரையும் பார்த்தாள்,
பிறகு ஈரமான படிகளைக் காட்டி
ஓரமாக இறங்கச் சொன்னாள்.

சுவர் கேபிளைப் பிடுங்கி
முடிச்சுப் போட்டு அலமாரியில் எறிந்தோம்.
அறுபத்துநான்கு பைட்டில், தலைப்புகள் போக
பதினெட்டு பைட் சும்மா கிடக்கும்.
பூஜ்யங்களை அழித்துவிட்டு
அதில் அவள் பெயரை எழுதினேன்.
பெட்டிக்கு அது தெரியாது. அது முகவரி மட்டும் பார்க்கும்.

விடியற்காலை நான்கு மணி.
இன்னும் நாற்பத்தொன்று.
வெளியே பனியை உரசி முதல் டிராம் போனது.
ஹீட்டர் அணைந்து குழாய் தானாகச் சுருங்க
டங் என்றது ஒரு தடவை.
இருவரும் எழுந்துவிட்டோம்.