மஞ்சள் அட்டை

செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி.
மலையைத் தாண்டி இந்த ஊருக்குச் சூரியன் வர
இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.
ஐஸ்லாந்தின் மேற்குக் கடலோரம். ஜனவரி.
அதுவரை
விளையாட்டுக் கூடத்தின் குழல்விளக்குதான் பகல்.

நடந்தே ஆடும் கால்பந்து. ஓடினால் தப்பு.
ஆடுபவர்கள் ஆறு பேர்.
மீன் ஏலம் விட்ட ஒருவர், பல் வைத்தியர் ஒருவர்,
கோட்டைக் கழற்றவே மாட்டாத ஓட்டார்,
வயது முப்பத்தொன்று என்று சொல்லும் ஸ்டைன்வோர்
(சொல்லிவிட்டுக் கண்ணடிப்பார்;
நம்பிச் சொல்கிறாரா, நம்மை ஆழம் பார்க்கிறாரா,
கேட்டவர் யாருமில்லை),
பேசாத இரட்டைச் சகோதரர்கள்.

ஹல்பெரா ஏழாவது ஆள். ஆடவில்லை.
சுவரோரம் உட்காரவைத்திருந்தோம், ஐந்து வாரமாக.
மடியில் கம்பளி, கையில் கோகோ.
வைத்தது நான்தான்.
அக்கறை என்று அதற்குப் பெயர் சொல்லிக்கொண்டேன்.

கோப்பில் 'நடுவர்' என்று எழுதியிருந்தது.
நான் போலந்துக்காரன். இந்த மொழிக்குள் வந்து நாலு வருஷம்.
நீதிமன்றம் என்று நினைத்துவிட்டேன்.
கறுப்பு அங்கி, உயர்ந்த மேசை.
அதனால்தான் தணிந்த குரலில் பேசினேன்,
செய்தித்தாளை மடித்து மடித்துக் கொடுத்தேன்.

ஆறாவது வாரம்
ஓட்டார் பந்தைக் கையில் எடுத்துக்
கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டார்.

கோகோ தரையில்.
இரண்டு விரல் வாய்க்குள்.
அப்படியொரு சீழ்க்கை!
ஆறு பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள்.
ஹல்பெரா நடு மைதானத்துக்கு வந்து
இல்லாத ஒரு புள்ளியைச் சுட்டினார்.
பெனால்ட்டி.

இருபத்தாறு வருஷம் விசில் ஊதியவராம்.
மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை நான்.

விசில் வாங்கினோம். இரண்டு அட்டை, ஒரு குறிப்பேடு.
விதிகள் எல்லாம் அவருக்கு நினைவிருக்கின்றன
என்று எழுத ஆசைதான்.
இல்லை. போன வாரம்
விழுந்தவர்மேலேயே தப்பு கொடுத்தார்.
ஏலக்காரர் விடவில்லை. முகத்துக்கு நேரே வந்து
துறைமுகம் வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.
'எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா' என்று கொஞ்சாமல்
ஒரு மனுஷன் ஹல்பெராவோடு சண்டை போட்டது
இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.
அவர் கன்னம் சிவந்தது.
தீர்ப்பை மாற்றவில்லை.

சில செவ்வாய் வருவதில்லை.
காரைவிட்டு இறங்க மறுத்து அழுவார்.
மகள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவாள்,
வைப்பர் மட்டும் வேலை செய்யும்.

இன்று வந்திருந்தார். ஆட்டத்தின் நடுவே
இடது ஷூ லேஸ் அவிழ்ந்து கிடந்தது.
விழுந்துவிடுவாரே என்று ஓடிப்போய்
மண்டியிட்டேன். முடிச்சில் கைவைத்தேன்.

காதுக்குள் விசில்.
தலைக்கு மேலே மஞ்சள் அட்டை.

'எண்?'
எனக்கு எண் இல்லை.
'பெயர்?'
போகுமில்.
பீட்டர், யோன், அந்தப் பையன்
என்றெல்லாம் கூப்பிட்டவர்
ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினார்.
கீழே, நடுங்கும் கோடுகளில்:
ஆட்டத்தின்போது நடுவரைத் தொட்டது.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து தாமே கட்டினார்.
நான்கு நிமிஷம். ஒருமுறை தப்பாகி
முதலிலிருந்து.
ஆறு பேர் காத்திருந்தார்கள். பந்துமேல் ஓட்டார்.
முன்பு மீன் ஆலையில் இருந்தேன்,
பனிக்கட்டிக்குள் கைவிட்டு எட்டு மணி நேரம்.
அதைவிடக் கஷ்டம்
இந்தக் கைகளைப் பாக்கெட்டுக்குள் வைத்திருந்தது.

அடுத்த செவ்வாய்
ஊதுமுன் குறிப்பேட்டைத் திறந்தார்.
புரட்டினார். நெற்றி சுருங்கியது.
'இதில் போகுமில் யார்?'
கையைத் தூக்கினேன்.
ஏற இறங்கப் பார்த்தார், முதல்முறை பார்ப்பதுபோல.

'ஜாக்கிரதை' என்றார்.
'உன் பேரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.'