பேரேட்டில் பிர்க்கம்பட்டி

பாஸ்போர்ட்டில் ஊகோ பிர்க்கன்ஃபெல்ட்.
என் கைக்கு அது வரவில்லை,
பேரேட்டில் பிர்க்கம்பட்டி என்று எழுதினேன்.
தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்:
"இதெந்த ஊருங்க, அவனாசிக்கு அக்கட்டயா?"
"ஆளுங்க. கேமராக்காரர். மாசம் முன்னூறு."

பெர்லினில் பேசாத படங்கள் பதினொன்று எடுத்தவர்.
அங்கே செட்டுக்குள் சூரியனை விடமாட்டார்களாம்,
தெருவை அட்டையில் செய்து
அதன் நிழலையும் மையால் வரைந்துவிடுவார்களாம்.
சிங்காநல்லூர் வெயிலில் முதல் நாள்
குடைக்குள் நின்று சிரித்தார்:
"இவ்வளவையும் வைத்து என்ன செய்ய?"

கூட இருந்தவர்களின் கடிதங்கள் வரும்.
ஒருவர் கலிபோர்னியாவில்
குதிரைக்காரப் படங்களுக்கு விளக்குப் பிடிக்கிறார்.
ஒருவர் பாரிசில், பாதிப் படத்தோடு.
இன்னொருவர் எழுதுவது நின்றுபோனது.
ஸ்டாம்புகளை என் மகனுக்குக் கிழித்துத் தருவார்,
அந்தக் கடைசி உறையை மட்டும் தரவில்லை.

எமன் வருகிற காட்சி.
எருமை, குளத்தேரி மசையனுடையது, வாடகை ஒன்றரை ரூபாய்.
எமன், மதுரைக் கம்பெனி நடிகர், நானூறு.
பிர்க்கம்பட்டி இரண்டு பேரையும் ஓரமாய் நிறுத்திவிட்டு
தரையில் ஒற்றை விளக்கை வைத்தார்.
சுண்ணாம்புச் சுவரில் கொம்புகள்
மெல்ல ஏறி
உத்தரத்தில் மடங்கி
எங்கள் தலைக்கு மேலே வந்து நின்றன.
முதலாளி வெங்கிடபதி கத்தினார்:
"நானூறு குடுத்து ஆளைக் கூட்டியாந்தா
நெழலைப் புடிக்கறீங்களே!
நெழலுக்கு எதுக்குங்க சம்பளம்?"
பொள்ளாச்சியில் அந்த இடம் வந்ததும்
பெஞ்சு டிக்கெட்டு மொத்தமும் எழுந்து நின்றது.
முதலாளி அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முப்பத்தொன்பது செப்டம்பர், திங்கட்கிழமை.
"ஜெர்மன்காரர் யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.
"அங்கே என்னை ஜெர்மன்காரன் இல்லை என்றார்கள்."
சொல்லும்போது கோபமில்லை,
லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
இன்ஸ்பெக்டரிடம் இருந்தது ஒரே காகிதம்.

சதாரா என்றார்கள், டேராடூன் என்றார்கள்.
விளக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை,
கரண்டு பில் அந்த மாதம் ஏழு ரூபாய் கூட.

நாலு நாள் சம்பளம், நாற்பது. வாங்க ஆளில்லை.
"தள்ளிருங்க" என்றார் முதலாளி.
தலையாட்டினேன்; தள்ளவில்லை.
வருசா வருசம் புதுப் பேரேட்டில்
மஞ்சள் காயும் முன்னே எழுதுவேன்:
பிர்க்கம்பட்டி, கொடுபட வேண்டியது நாற்பது.
ஸ்டுடியோ நூல் குடோனான வருசமும் எழுதினேன்.