பேரேடு

ஒலியாவ் துறையில் சங்கு ஊதினால்
மத்தி வந்துவிட்டது என்று அர்த்தம்.
விடிகாலை மூன்றோ நண்பகலோ,
தலை ஈரமோ, பிள்ளை மார்பிலோ,
கால் மணி நேரத்தில் மேசைக்கு வந்துவிட வேண்டும்.
நான் வாசலில் பேரேட்டோடு நிற்பேன்.

மரியா தா என்கார்னசாவ்.
மரியா தியோலிந்தா.
மரியா தாஷ் தோரெஸ், அதாவது துயரங்களின் மரியா,
அந்தக் கூடத்தில் அவளைப்போலச் சிரிக்க ஆள் கிடையாது.
மரியா பெர்பெத்துவா. மரியா யூஃப்ராசியா.
பின்னால் ஒன்றுமே இல்லாத வெறும் மரியா ஒருத்தி.
நாற்பத்தொரு பேர், முப்பத்துமூன்று மரியா.
ஆனாலும் "மரியா" என்று அங்கே யாரும் கூப்பிடுவதில்லை.
கூப்பிட்டால் கத்தரிகள் அத்தனையும் ஒரு நொடி நிற்கும்,
நொடிக்கு இத்தனை டப்பா என்று முதலாளியிடம் கணக்குண்டு.
நண்டு, வெந்நீர், ஞாயிற்றுக்கிழமை:
அவர்களுக்குள் அப்படித்தான் பெயர்.

குருமடத்தில் நாலு வருஷம் இருந்து ஓடிவந்தவன் நான்.
மிச்சம் கொஞ்சம் லத்தீனும் முழங்கால் வலியும்.
அங்கே ஒரு தடித்த புத்தகத்தில்
இந்தப் பெயருக்கு இரண்டு பக்கம்.
கசப்பு என்றது ஒரு வரி.
கசந்த கடல் என்றது அடுத்தது.
எகிப்தில் அன்புக்குரியவள் என்று பொருளாம்,
யாரோ ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.
கலகம் என்றும் ஒன்று இருந்தது;
வகுப்பில் அதை வேகமாகத் தாண்டிவிட்டார் பாதிரியார்.
எனக்குப் பிடித்தது அடிக்குறிப்பு.
கடலின் துளி என்றுதான் யாரோ முதலில் எழுதினாராம்.
படியெடுத்தவன் தூங்கி வழிந்தானோ, மெழுகு தீர்ந்ததோ,
ஓரெழுத்து பிசகி
துளி மீனாகிவிட்டது.
வானத்து மீன்.
அன்றுமுதல் மாலுமிகள்
ஒரு பிழையைப் பார்த்துக் கரை சேர்கிறார்கள்.

கூலி உறையை நீட்டியபடி
இதைத் தியோலிந்தாவிடம் சொன்னேன்.
காசை எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்:
"அரை நாள் குறையுது.
இதுவும் ஓரெழுத்துப் பிழைதானோ?"

அக்டோபரில் பெர்பெத்துவா மயங்கி விழுந்தாள்.
தூக்கப் போனவர்களை மேஸ்திரி விடவில்லை.
யாரோ போய் நீராவிக் குழாயைத் திருகி மூடினார்கள்.
கொதிகலன் பெருமூச்சு விட்டு அடங்கியது.
அவ்வளவு அமைதியை அந்தக் கூடம் கேட்டதில்லை,
கூரையில் கடற்காகங்கள் நடப்பதுகூடக் கேட்டது.
"யாரது? எழுது!"
நான் பார்த்திருந்தேன்.
நகமில்லாத அந்தக் கட்டைவிரலை எனக்குத் தெரியும்.
தோளுக்குப் பின்னால் மேஸ்திரியின் மூச்சு, பூண்டு வாடை.
மரியா என்று எழுதி
முற்றுப்புள்ளி வைத்தேன்.
"எந்த மரியா?"
"அவ்வளவுதான் ஐயா எனக்குத் தெரியும்."

பெரிய வீரம் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.
சனிக்கிழமை முப்பத்துமூன்று உறைகளிலும் அரை நாள் வெட்டு.
என்கார்னசாவ் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை.
"உங்க புத்திசாலித்தனத்துக்கு என் பிள்ளையோட செருப்பு போச்சு"
என்றாள் யூஃப்ராசியா,
கோபமாகக்கூட இல்லை.
மரியா அல்லாத எட்டுப் பேருக்கும் முழுக் கூலி.
ஏழு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள்,
அவர்களைக் குறை சொல்ல நான் யார்?

சுல்மீரா மட்டும் நின்றாள்.
சாந்தும் செதிலுமான கையால் பேரேட்டைத் தன் பக்கம் திருப்பி,
தன் பெயருக்கு முன்னாலிருந்த வெற்றிடத்தைத் தொட்டு,
"இங்கே சேர்த்து எழுதுங்க" என்றாள்.
எழுதினேன்.
அவள் விரலிலிருந்து உப்புத்தண்ணீர் ஒரு சொட்டு
ஈர எழுத்தின்மேல் விழுந்து
நாலாபுறமும் முனை முனையாய் மையை இழுத்தது.
"அடடா, கெட்டுப்போச்சே" என்றாள்.
மேசைமேல் ஒற்றுத்தாள் இருந்தது.
நான் எடுக்கவில்லை.